சின்னவள் குட்டி போட்ட சாயங்காலம்

இது நடந்தது போன வருடம் மாசி மாதம். காரைக்குடிக்கு வெளியே, கோவிலூர்ப் பக்கத்தில், மெயின் ரோட்டிலிருந்து பிரிந்து போகிற செம்மண் பாதையின் கடைசியில் ஒரு தோட்டம் இருக்கிறது. தென்னை, கொஞ்சம் மா, ஒரு கிணறு, சில கறவை மாடுகள். தோட்டம் ஒரு செட்டியார் வீட்டு ஆச்சியுடையது. நானும் என் வீட்டுக்காரரும் அங்கேயே குடியிருந்து பார்த்துக்கொள்கிறோம். எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவள் நான், எழுதிப் பழக்கமில்லை. ஆனால் இந்த விஷயத்தை வாயால் சொன்னால் பாதியிலேயே எல்லோரும் சிரித்துவிடுகிறார்கள். எழுதினால் சிரித்து முடித்த பிறகாவது மிச்சத்தைப் படிப்பார்கள் அல்லவா, அதனால்தான் எழுதுகிறேன்.

விஷயம் ஒரு கழுதையைப் பற்றியது. சிரிப்பவர்கள் இப்போதே சிரித்துக்கொள்ளலாம்.

என்னைப் பற்றி ஒன்று சொல்லிவிடுகிறேன். நான் பயந்த சுபாவக்காரி. பேய் பிசாசுப் பயம் இல்லை. கேஸை அணைத்தேனா, மாட்டுக் கயிறு கழுத்தில் சுற்றிக்கொண்டிருக்குமோ, போன் மணி அடித்தால் யாருக்கு என்ன ஆயிற்றோ, இந்த மாதிரிப் பயம். வெளியே கிளம்பினால் பாதி வழியில் திரும்பி வந்து பூட்டை இழுத்துப் பார்ப்பேன். "நடக்காததை எல்லாம் நெனச்சு நெனச்சே ஒருநாள் நீ நடத்திக் காட்டிருவே" என்பார் என் வீட்டுக்காரர்.

ஆச்சி காரைக்குடியில் தன்னுடைய பெரிய வீட்டை வெளியூர்க்காரர்கள் வந்து தங்கும் விடுதியாக்கி நடத்துகிறார். காரை அவரே ஓட்டிக்கொண்டு வருவார். ஒருநாள் அவர் காருக்குப் பின்னாலேயே ஒரு மினி லாரியும் வந்து நின்றது. உள்ளே இரண்டு பெட்டைக் கழுதைகள். எங்கோ கட்டட வேலையில் மணல் சுமந்தவை. வேலை முடிந்ததும் ரோட்டில் விட்டுவிட்டார்கள். குப்பைத்தொட்டியில் பிளாஸ்டிக் பையை மென்றுகொண்டு நின்றதைப் பார்த்து, விட்டவர்களைத் தேடிப் பிடித்துக் கேட்டு வாங்கி வந்துவிட்டார் ஆச்சி.

இறக்கியதும் நான் முதலில் காலைத்தான் பார்த்தேன். குளம்பு வெட்டாமலே விட்டதில் முனை நீண்டு, மேலே சுருண்டு, நாடகத்து ராஜா போடும் செருப்பு மாதிரி இருந்தது. அவை நடக்கவில்லை, தத்தின. முன்னங்கால் இரண்டையும் சேர்த்துத் தளை கட்டிக் கட்டி, கயிறு பட்ட இடத்தில் முடியே இல்லை. தோல் தடித்துக் கறுத்து வளையம் போட்டிருந்தது.

"இனிமே இதுக கால்ல கயிறு விழக் கூடாது. கேட்டுக்கிட்டீகளா?" என்றார் ஆச்சி.

என் வீட்டுக்காரர் தலையைச் சொறிந்தார். "ஆச்சி, மாடுன்னா பாலு. ஆடுன்னா கறி. இது என்னத்துக்கு ஆச்சி?"

"ஒண்ணுத்துக்கும் இல்ல. சும்மா இருக்கட்டும். இத்தன நாளு சொமந்துச்சுகல்ல."

"நாங்களுந்தான் சொமக்குறோம்" என்று இவர் மெதுவாக முனகினார். ஆச்சியின் காது பாம்புக் காது. "ஒங்களுக்குத்தான் ஞாயித்துக்கெழம லீவு குடுத்திருக்கேன்ல? நீங்க அன்னைக்கும் தேங்கா பறிக்கப் போனா நான் என்ன செய்றது?" என்று சிரித்துக்கொண்டே காரில் ஏறிவிட்டார்.

இரண்டில் வயதானதைப் பெரியவள் என்றும் மற்றதைச் சின்னவள் என்றும் கூப்பிட ஆரம்பித்தேன். இரண்டும் ஒட்டியே நிற்கும். ஒன்றின் கழுத்து மேல் மற்றது கழுத்தைப் போட்டுக்கொள்ளும்.

கால்நடை டாக்டர் வந்தார். வெளியூர்ப் பெண், சின்ன வயசு. நான் டாக்டரம்மா என்பேன், அவர் என்னை அக்கா என்பார். குளம்பை ஒரே நாளில் வெட்டக் கூடாது என்று கொஞ்சம் கொஞ்சமாக, சில மாதம் எடுத்துச் சரிசெய்தார். அதுவரை கழுதைக்கு ஒன்றும் வேண்டாம், வெயிலும் மழையும் அதற்கு ஒன்றுதான் என்று நினைத்திருந்தேன். அப்படி இல்லையாம். மாடு நிற்கிற ஈரத் தரையில் கழுதை நின்றால் குளம்பு அழுகுமாம். மழை அதன் முடியை ஊடுருவி உள்ளே இறங்கிவிடுமாம், அதனால் கூரை வேண்டும். வைக்கோல்தான் அதற்கு ஏற்ற தீனி. இதெல்லாம் சொல்லிவிட்டு, போகும்போது இன்னொன்றும் சொன்னார்.

"நோவு வந்தா கழுதை காட்டிக்காதுக்கா. மாடு கத்தும், ஆடு கத்தும். இது சும்மா நிக்கும். சும்மா நிக்கிறப்பதான் நீங்க கவனிக்கணும்."

இதை என்னிடம் போய்ச் சொல்லலாமா? அன்றிலிருந்து அவை அசைந்தாலும் பயம், அசையாவிட்டாலும் பயம்.

அடுத்த தை மாதம், பழனிக்கு நடக்கிறவர்கள் குன்றக்குடிப் பக்கமாகக் கூட்டம் கூட்டமாகப் போய்க்கொண்டிருந்த சமயத்தில், பக்கத்து ஊரிலிருந்து அவிழ்த்துக்கொண்டு வந்த ஒரு ஆண் கழுதை எங்கள் வேலிக்குள் புகுந்துவிட்டது. அதன் சொந்தக்காரர் தேடி வந்து ஓட்டிப் போவதற்குள் காரியம் முடிந்திருந்தது. சின்னவள் சினையானாள்.

மாடு என்றால் எனக்கு எல்லாம் தெரியும். கல்யாணமாகி வந்த நாளிலிருந்து எத்தனையோ கன்றை இழுத்துப் போட்டிருக்கிறேன். அந்தத் தைரியத்தில் சின்னவளுக்கும் மாட்டு வைத்தியமே செய்தேன். கடலைப் புண்ணாக்கு, கருப்பட்டி, வடித்த கஞ்சி. அவளும் நன்றாகத் தின்றாள், நன்றாகப் பூரித்தாள். குட்டி வளர்கிறது என்று எனக்குச் சந்தோஷம். டாக்டரம்மா வந்து வயிற்றைத் தொடாமல் கழுத்தைத் தடவிப் பார்த்தார். பிடரியில் ஒரு மடிப்பு கெட்டியாகச் சரிந்து கிடந்தது.

"இது குட்டி இல்லக்கா, கொழுப்பு" என்றார். "நீங்க குடுக்குற செல்லம் இதுக்கு வெஷம். அதுக்காக நாளைக்கே பட்டினி போட்றாதீங்க, அது அதைவிட மோசம். மெள்ள மெள்ளக் குறைங்க."

ஐப்பசி வந்தது. மனுஷிக்குப் பத்து மாதம், மாட்டுக்கும் ஏறக்குறைய அப்படித்தான். கழுதைக்கு மட்டும் கணக்கு வேறாக இருக்கும் என்று எனக்குத் தோன்றவே இல்லை. தீபாவளி போனது. கார்த்திகை விளக்கு ஏற்றியாயிற்று. சின்னவள் வைக்கோலை மென்றுகொண்டே நின்றாள். எனக்குச் சோறு இறங்கவில்லை. குட்டி உள்ளே செத்துவிட்டதோ? காட்டிக்கொள்ளாமல் நிற்கிறாளோ?

அடுத்த தோட்டத்தில் ஆடு வைத்திருக்கும் ஒரு பெண் என்னை மதினி என்று கூப்பிடுவாள். தினமும் வேலிக்கு அங்குட்டு நின்று விசாரிப்பாள்.

"என்ன மதினி, மருமகளுக்கு வலி எடுத்துருச்சா?"

"இல்லத்தா. பத்து மாசம் தாண்டிருச்சு. பயமா இருக்கு."

"உள்ளயே வளந்து, வரும்போதே மூட்டையத் தூக்கிக்கிட்டு வருமோ என்னமோ!" என்று சிரித்தவள், என் முகத்தைப் பார்த்துவிட்டுச் சிரிப்பை நிறுத்தினாள். "ஊசி போடுறவரு ஒருத்தர் இருக்காரு மதினி. எங்க மாட்டுக்குப் போட்டாரு. பொலபொலன்னு போட்டுருச்சு. நம்பர் தரவா?"

நம்பரை வாங்கிக்கொண்டேன். கூப்பிடப் போகும்போது ஊசியால் ஏதாவது ஆகிவிட்டால் என்ற அடுத்த பயம் வந்தது. என் பயம் எனக்குச் செய்த நல்லது அதுதான். அவரைக் கூப்பிடாமல் டாக்டரம்மாவைக் கூப்பிட்டேன்.

"யக்கோவ்!" என்று போனிலேயே அலறினார். "ஊசி கீசின்னு யாரையும் கிட்ட விட்றாதீங்க. கழுதைக்குப் பன்னெண்டு மாசம்! பதிமூணும் ஆகும், அதுக்கு மேலயும் போகும். குட்டி நல்லா இருக்கு. நான்தான் போன வாரம் பாத்தேனே."

போனை வைத்துவிட்டுக் கொட்டகைக்குப் போனேன். பன்னிரண்டு மாதம். பத்து மாதம் சுமந்தேன் பத்து மாதம் சுமந்தேன் என்று நம் பாட்டில், ஒப்பாரியில், சண்டையில் எல்லாம் சொல்லிக்கொள்கிறோம். ஒரு முழு வருடத்துக்கு மேல் சுமக்கிற ஒன்று, வாயைத் திறந்து எதுவும் சொல்லாமல், காதை மட்டும் என் பக்கம் திருப்பி நின்றது. அவள் தண்ணீர்த் தொட்டியை நிரப்பி வைத்துவிட்டு வந்தேன்.

மறுபடி தை வந்து, பழனிக்கு நடக்கிறவர்கள் மறுபடியும் போனார்கள். மாசி பிறந்ததும் சின்னவளுக்கு மடி இறங்கியது. ஒருநாள் காம்பு நுனியில் மெழுகு மாதிரி ஒரு துளி கட்டியிருந்தது. அது வந்தால் நேரம் நெருங்கிவிட்டது என்று டாக்டரம்மா சொல்லியிருந்தார். அவ்வளவுதான், நான் கட்டிலைத் தூக்கிக் கொட்டகைக்குள் போட்டுவிட்டேன். பளிச்சென்று ஒரு பல்பு மாட்டச் சொன்னேன். பெரியவள் தெரியாமல் உதைத்துவிட்டால் என்ன செய்வது என்று அவளைக் கொண்டுபோய் மாட்டுக் கொட்டகையில் அடைத்தேன். கத்தரிக்கோலைக் கொதிக்க வைத்து ஒரு சுத்தமான துணியில் சுற்றித் தலைமாட்டில் வைத்துக்கொண்டேன்.

பெரியவள் அங்கிருந்து கத்தினாள். சின்னவள் இங்கிருந்து பதில் கத்தினாள். கழுதை கத்துவது நல்ல சகுனம் என்பார்கள். அந்த வாரம் கோவிலூர் முழுக்க நல்ல சகுனமாக இருந்திருக்கும். வீட்டுக்காரர் காதில் துண்டைச் சுற்றிக்கொண்டு வந்து நின்றார்.

"ஏய், நீ பெத்தப்பகூட எங்க ஆத்தா இவ்வளவு காவல் இருக்கல."

"நீங்க போய்ப் படுங்க."

"எங்குட்டுப் போய்ப் படுக்க? கட்டிலத்தான் நீ தூக்கிட்டு வந்துட்டியே!"

சின்னவள் வாலைத் தூக்குவாள், நிலைகொள்ளாமல் சுற்றுவாள், விலாவைத் திரும்பிப் பார்ப்பாள். நான் எழுந்து உட்கார்வேன். உடனே எல்லாம் நின்றுவிடும். என்னைப் பார்ப்பாள். பிறகு பின்பக்கத்தைச் சுவரோடு ஒட்டி வைத்துக்கொண்டு அசையாமல் நிற்பாள். நாள் போகப் போக வைக்கோலைத் தொடுவதும் குறைந்தது. ஏதோ கோளாறு என்று நான் அழுதுகொண்டே டாக்டரம்மாவை வரச் சொன்னேன்.

அவர் வந்து சின்னவளைப் பரிசோதித்தார். பிறகு கட்டிலைப் பார்த்தார், பல்பைப் பார்த்தார், என்னைப் பார்த்தார்.

"நீங்க எத்தனை நாளா இங்க இருக்கீங்க?"

"காம்புல மெழுகு கட்டுனதுலேர்ந்து டாக்டரம்மா. ஒரு நிமிஷம் கண்ணை எடுக்கல."

"அதான்க்கா அது போடல."

எனக்குப் புரியவில்லை.

"ஆள் பாத்துக்கிட்டே இருந்தா இதுக போடாது. குதிரை, கழுதை ரெண்டும் அப்படித்தான். கொஞ்சம் அடக்கி வெச்சுக்கும். எப்ப யாரும் இல்லையோ அப்பதான் போடும். வலி வந்து பாதி தாண்டிட்டா அப்புறம் அதாலயும் அடக்க முடியாது. அதுவரைக்கும் நேரம் அது கையிலதான்." சின்னவளின் கழுத்தைத் தடவியபடியே கேட்டார்: "பெரியவ எங்க?"

சொன்னேன். அவர் தலையில் அடித்துக்கொண்டார். "முதல்ல அதைக் கூட்டிட்டு வாங்க. ஒண்ணா இருந்ததுகளைப் பிரிச்சா ரெண்டும் தின்னாதுக. சினைக்கழுதை தின்னாம இருந்தா உசுருக்கே ஆபத்து. குட்டிய விடுங்க, தாயே போயிரும்."

 காப்பாற்றுகிறேன் காப்பாற்றுகிறேன் என்று நான்தான் கொன்றுகொண்டிருந்தேனா?

"பல்பைக் கழட்டுங்க. கொட்டகையையும் தெறந்து விட்ருங்க, வெளிய போறதுன்னா போகட்டும். நீங்க கண்ணுல படாதீங்க. தூரத்துலேர்ந்து பாக்கலாம். வெள்ளையா ஒரு பை வரும், அது பனிக்குடம். அதுக்குள்ள கால் தெரியும். அப்படி வந்தா கிட்டயே போகாதீங்க. அது பாத்துக்கும். ஆனா வெள்ளைக்குப் பதிலா சிவப்பா, வெல்வெட்டுத் துணி மாதிரி வந்துச்சுன்னா, நஞ்சுக்கொடி முன்னாடியே கழண்டு வருதுன்னு அர்த்தம். உள்ள குட்டிக்கு மூச்சு கிடைக்காது. அப்ப ஒரு நொடி நிக்காதீங்க. ஓடிப்போய் அந்தப் பையைக் கிழிச்சு விட்டுட்டு எனக்கு போன் போடுங்க."

வெள்ளை என்றால் சும்மா இருக்க வேண்டும். சிவப்பு என்றால் ஓட வேண்டும். அதை மந்திரம் மாதிரி முணுமுணுத்துக்கொண்டே கட்டிலை வெளியே இழுத்தேன்.

பெரியவளைத் திறந்துவிட்டதும் அவள் ஓடவில்லை, நடந்துதான் வந்தாள். வந்து சின்னவளின் கழுத்து மேல் தன் கழுத்தைப் போட்டுக்கொண்டாள். இரண்டும் அப்படியே வெகுநேரம் நின்றன. பிறகு சின்னவள் குனிந்து வைக்கோலைக் கடித்தாள்.

மறுநாள் மதியச் சாப்பாடு முடிந்து, வெயில் தாழ ஆரம்பித்த நேரம். வீட்டுக்காரர் மோட்டார் ரிப்பேருக்காகக் காரைக்குடி போயிருந்தார். நான் பம்பு செட் அறைக்குள் நின்று, கதவு இடுக்கு வழியாகப் பார்த்துக்கொண்டிருந்தேன். கையில் கத்தரிக்கோல்.

சின்னவள் கொட்டகையை விட்டு வெளியே வந்தாள். இரண்டு மாமரத்துக்கு நடுவில், அவை தினமும் படுத்துப் புரண்டு குழியாக்கி வைத்திருக்கும் செம்மண் பொட்டல் இருக்கிறது. அங்கே போய் மண்ணை மோந்து பார்த்துச் சுற்றினாள். படுத்தாள். எழுந்தாள். மறுபடி படுத்தாள். அவள் விலா இறுகி இறுகித் தளர்ந்தது. ஒரு சத்தம் இல்லை. நானாக இருந்தால் காரைக்குடி வரை கேட்டிருக்கும். பெரியவள் கொஞ்சம் தள்ளி, பாதையைப் பார்த்தபடி நின்றாள்.

வாலுக்குக் கீழே ஏதோ எட்டிப் பார்த்தது. அந்தத் தூரத்தில் எனக்கு நிறம் தெரியவில்லை. அவள் ஒரு புரள் புரண்டு, எழுந்து, என் பக்கம் பின்புறம் தெரியும்படி திரும்பினாள். வெயில் நேராக அதன் மேல் விழுந்தது.

சிவப்பு.

நான் ஓடினேன். கதவில் சேலை மாட்டிக் கிழிந்தது தெரியும், எப்படித் தாண்டினேன் என்று தெரியாது. உள்ளே மூச்சில்லாமல் குட்டி, ஒரு நொடி நிக்காதீங்க, ஒரு நொடி நிக்காதீங்க என்று மட்டுமே காதில் கேட்டது. பாதித் தூரம் வந்திருப்பேன். அந்தப் பையிலிருந்து ஒரு சொட்டு சிவப்பு கீழே வழிந்தது. வழிந்த இடத்தில் ஒரு கோடு. அந்தக் கோட்டுக்குள் வெள்ளை.

மண். அவ்வளவும் எங்கள் ஊர்ச் செம்மண். ஈரமான பனிக்குடத்தோடு புரண்டதில் குழம்பு மாதிரி அப்பிக்கொண்டிருந்தது. வழிந்த இடத்தில் உள்ளே கண்ணாடித் தாளில் சுற்றின மாதிரி ஒரு குட்டிக் கால் தெரிந்தது. குளம்பு நுனியில் நுங்குச் சுளை மாதிரி மெத்தென்று ஒரு உறை. தாயின் வயிறு கிழியாமல் இருக்க அப்படி ஒரு உறையோடு வருமாம், அதைப் பிறகுதான் டாக்டரம்மா சொன்னார்.

அப்போது சின்னவள் என்னைப் பார்த்துவிட்டாள்.

அவள் விலா நின்றது. காது இரண்டும் என் பக்கம் திரும்பின. நான் நட்ட நடுப் பொட்டலில், கையில் கத்தரிக்கோலோடு, தலைவிரிகோலமாக நிற்கிறேன். முன்னால் போகக் கூடாது. திரும்பி ஓடினால் இன்னும் மிரளுவாள். அடக்கிவிடுவாளோ? பாதியில் அடக்கினால் குட்டி என்ன ஆகும்? என் வாழ்க்கையில் எதற்கெல்லாமோ பயந்திருக்கிறேன். ஆனால் நான்தான் அந்த ஆபத்து என்று தெரிந்து பயந்தது அன்றுதான்.

என்ன செய்வது என்று தெரியாமல் அப்படியே குந்திவிட்டேன். கத்தரிக்கோலைப் பின்னால் மண்ணில் வைத்தேன். நேராகப் பார்த்தால் அவளுக்குக் கூச்சமாக இருக்குமே என்று தலையைக் குனிந்து, ஓரக்கண்ணால் மட்டும் பார்த்தேன். முந்தானையை வாயில் திணித்துக்கொண்டேன், சத்தம் வந்துவிடுமே என்று.

காலடிச் சத்தம் கேட்டது. பெரியவள் வந்துகொண்டிருந்தாள். என்னை விரட்டப் போகிறாள், உதைக்கப் போகிறாள் என்றுதான் நினைத்தேன். அவள் என் தலைக்கு மேலே மூக்கை வைத்தாள். சூடான மூச்சு என் வகிட்டில் இறங்கியது. தலை, தோள், மண்ணில் கிடந்த கத்தரிக்கோல் எல்லாவற்றையும் மோந்தாள். பிறகு, அவசரமே இல்லாமல், என்னைச் சுற்றிக்கொண்டு போய் எனக்குப் பின்னால் நின்றாள். மறுபடியும் பாதையைப் பார்த்து. அதாவது அவள் காவல் காக்கிற வட்டத்துக்குள்ளே நானும் இருந்தேன்.

சின்னவள் அதைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். எவ்வளவு நேரம் என்று எனக்குச் சொல்லத் தெரியாது. பிறகு ஒரு பெருமூச்சு விட்டாள். மடங்கிப் படுத்தாள், இந்தத் தடவை பின்பக்கத்தை என்னிடமிருந்து மறைக்காமலே.

விலா மறுபடி இறுகியது.

முதலில் ஒரு கால், கொஞ்சம் பின்னால் இன்னொரு கால், அவற்றின் மேல் சாய்ந்தபடி ஒரு மூக்கு. தலை வெளியே வந்தது. தோள் வரும்போது மட்டும் சின்னவள் பல்லைக் கடித்த மாதிரி ஒரு முனகல். வழுக்கிக்கொண்டு மொத்தக் குட்டியும் மண்ணில் வந்து விழுந்தது. பை இன்னும் அதன் மூக்கைச் சுற்றி இருந்தது. அசைவில்லை. என் கை தானாகப் பின்னால் போய்க் கத்தரிக்கோலைத் தேடியது. போகலாமா? போனால் என்ன ஆகும்? போகாவிட்டால்? ஒரு மூச்சுக்குள் நூறு தடவை கிளம்பி நூறு தடவை உட்கார்ந்தேன். குட்டி தலையை உலுக்கியது. பை கிழிந்தது. ஒரு தும்மல்!

அந்தத் தும்மலுக்கு என் கண்ணில் தண்ணீர் கொட்டியது.

காது மட்டுமே பாதி உடம்பு இருக்கும் போல ஒரு பிள்ளை. நனைந்த காது இரண்டும் கன்னத்தில் ஒட்டிக் கிடந்தன. சின்னவள் தலையைத் திருப்பி, நான் அதுவரை கேட்டே இராத ஒரு மெல்லிய சத்தம் கொடுத்தாள். தொண்டைக்குள்ளேயே, குட்டிக்கு மட்டும். கத்தினால் ஊரே எழுந்துகொள்கிற அந்தத் தொண்டைக்குள் அப்படி ஒரு சத்தம் இருக்கும் என்று யார் நினைப்பார்கள்? குட்டி நாலு காலையும் நாலு திசையில் பரப்பி எழுந்தது, விழுந்தது. எழுந்தது, மூக்குப்பட விழுந்தது. ஒவ்வொரு தடவையும் நான் முந்தானையைக் கடித்தேன். ஒவ்வொரு தடவையும் சின்னவள் அதைத் தூக்கிவிடாமல், மூக்கால் தொட்டு மட்டும் விட்டாள். கடைசியில் அது நடுங்கிக்கொண்டே நின்றது. நின்று, அதற்குள் எழுந்துவிட்ட தாயின் முன்னங்காலில்தான் முதலில் பாலைத் தேடியது. தளை பட்டு முடி உதிர்ந்த அந்த இடத்தில். அப்புறம்தான் மடி கிடைத்தது.

வீட்டுக்காரர் வண்டியை நிறுத்திவிட்டு "ஏய், மோட்டாரு..." என்று ஆரம்பித்தது கேட்டது. திரும்பிப் பார்க்காமல் கையை மட்டும் தூக்கிக் காட்டினேன்.  அவர் செருப்பைக் கழற்றிவிட்டு வந்து எனக்குக் கொஞ்சம் தள்ளிக் குந்தினார். எதற்குச் செருப்பைக் கழற்றினீர்கள் என்று பிறகு கேட்டேன். "தெரியல. கழட்டணும்னு தோணுச்சு" என்றார். ஆடு ஓட்டிக்கொண்டு வந்த அடுத்த தோட்டத்துப் பெண் வேலி ஓரம் நின்றாள்.  கன்னத்தில் போட்டுக்கொண்டு போய்விட்டாள்.

பொழுது சாய டாக்டரம்மா வந்தார். நஞ்சுக்கொடி முழுசாக விழுந்திருக்கிறதா என்று தரையில் விரித்துப் பார்த்தார். குட்டியின் தொப்புளுக்கு மருந்து வைத்தார். பெட்டைக் குட்டி. ஆச்சி போனிலேயே பார்த்துவிட்டு, "ஆத்தாடி, காதைப் பாரு!" என்று மட்டும் திரும்பத் திரும்பச் சொன்னார்.

"எல்லாம் நல்லா இருக்கு. நீங்க என்னக்கா செஞ்சீங்க?" என்று டாக்டரம்மா கேட்டார்.

"ஒண்ணும் செய்யல டாக்டரம்மா" என்றேன். அதைச் சொல்வதற்கு எனக்கு அவ்வளவு பெருமையாக இருந்தது.

பயம் என்னை விட்டுப் போய்விட்டது என்று எழுதினால் அது பொய். இன்றைக்கும் குட்டி சும்மா நின்றால் ஓடிப்போய்க் குளம்பைத் தூக்கிப் பார்க்கிறேன். ஆனால் பயம் முற்றுகிற சில நேரங்களில் அந்தச் செம்மண் பொட்டலில் போய்க் குந்திக்கொள்கிறேன். மனிதர்கள் கால் கட்டி, சுமை ஏற்றி, ரோட்டில் விட்டுவிட்டுப் போன ஒரு ஜீவன், கத்தரிக்கோலோடு ஓடி வந்த ஒரு மனுஷியைப் பார்த்துவிட்டு, சரி, இவள் இருக்கட்டும் என்று எனக்கு எதிரே படுத்துக் குட்டியைப் பெற்றதே, அதைவிடப் பெரிய மரியாதையை இதுவரை யாரும் எனக்குச் செய்ததில்லை.